பெரியவங்க இருக்கிற டிரைவ்

போன மாதம் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். பெட்டியைப் பிரித்து, ஒயரெல்லாம் மாட்டி, ஆன் பண்ணினால் திரையில் ஒரு மலை, ஒரு ஏரி, கீழே நாலைந்து பொம்மைகள். அவ்வளவுதான். உள்ளே எத்தனை டிஸ்க் இருக்கிறது, எது காலி, எது நிரம்பியிருக்கிறது, ஒரு மண்ணும் தெரியவில்லை. விற்றவனுக்குப் போன் போட்டால், "அதெல்லாம் யூசருக்குத் தேவையில்லீங்க சார், அதுவே பாத்துக்கும்" என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையே எங்கள் அக்காவிடம் சொல்லியிருந்தால் பையன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துத்தான் சிரித்தேன்.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது என் கடை. பேனர், கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் எல்லாம் இங்கே டிசைன் பண்ணி அனுப்புவோம். தர்மபுரியில் பிரிண்ட் எடுத்து, சுருட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். என் கடையில் பல வருஷம் டிசைனராக உட்கார்ந்திருந்தவர் அக்கா. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அவருக்கு அது பிடிக்காது. "பேரை எதுக்கு மறைக்கறீங்க தம்பி? நான் என்ன திருடிட்டா ஓடிப்போனேன்?" என்பார். கேட்கட்டும். அவரோடு சண்டை போடாமல் என்னால் ஒரு வாரம் இருக்க முடிந்ததில்லை. இப்போது மகள் வீட்டோடு ஓசூரில் இருக்கிறார். இன்னொரு சண்டைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

எங்கள் முதல் சண்டையே ஒரு டிரைவைப் பற்றித்தான்.

பேனர் கடை எப்படிப்பட்ட இடம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பேனர் அடிக்க வருகிறவர்கள் டிசைனைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். டிசைனர் பக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார்கள். "தாய்மாமனை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க", "அந்தாளு போட்டோவை ஓரமாத் தள்ளுங்க" என்று குடும்பமே நின்று நடத்தும். கல்யாணக்காரர்களும் இங்கேதான் வருவார்கள், சாவு வீட்டுக்காரர்களும் இங்கேதான் வருவார்கள். கல்யாணப் பேனருக்கு உட்கார்ந்திருக்கிறவர் கண்ணில் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு டிரைவ் பட்டால் என்ன ஆகும்? ஒருமுறை ஆயிற்று. நிச்சயதார்த்தப் பேனருக்கு வந்த ஒரு பெரியம்மா அந்த எழுத்தைப் படித்துவிட்டு, பேனரே வேண்டாமென்று எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கே நான் ஒரு வேலை செய்தேன். சாவு சம்பந்தப்பட்டதை எல்லாம் தனி டிஸ்க்குக்கு மாற்றி, சி, டி என்று அந்த டிரைவுக்குரிய எழுத்தை எடுத்துவிட்டேன். எழுத்தை எடுத்துவிட்டால் டிரைவ் திரையில் தெரியாது. ஆனால் உள்ளே பத்திரமாக இருக்கும். அஞ்சலி போஸ்டர் வேலை வந்தால் எழுத்தைக் கொடுப்பேன், முடிந்ததும் எடுத்துவிடுவேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் முதல் காரியமாகக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி தட்டினார். மூடியை மாட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"பொட்டிக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்குது. ஸ்கிரீன்ல ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு எங்க தம்பி?"

சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அதெல்லாம் சரிப்படாதுங்க. நான் ஒக்காந்து வேலை செய்யற பொட்டில எனக்குத் தெரியாம ஒரு ரூமா? நீங்க ஊருக்குப் போயிட்ட அன்னைக்கு ஒரு சாவு வந்தா நான் போய் யாரைக் கேக்கறது?"

"அக்கா, கல்யாணக்காரங்க பாத்தா எழுந்து போயிடுவாங்க."

"ஏன் போறாங்க? நீங்க வெச்ச பேரு அப்படி. கண்ணீராம், அஞ்சலியாம். பேரை மாத்துங்க. ரூமை ஏன் பூட்டறீங்க?"

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், இரண்டு டிரைவும் திரையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்குப் பெயர் 'கல்யாணம்'. இன்னொன்றுக்குப் பெயர் 'பெரியவங்க'. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்து யாரும் எழுந்து போகவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருக்கிறதை இருக்கிறது என்று காட்ட வேண்டும். அக்காவின் மொத்த ஜாதகமும் இந்த ஒரு வரிதான். அவர் வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் அன்று கேக் சாப்பிடப் போயிருந்தேன். சமையலறை அலமாரி எதற்கும் கதவில்லை. கட்டும்போது கதவு இருந்ததாம், கழற்றிவிட்டாராம். அவர் வீட்டுக்காரர் தக்காளி வண்டி ஓட்டுகிறவர்; சிகரெட்டை காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். அக்கா சண்டை போடவில்லை. பாக்கெட்டை எடுத்து உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, 'இவருடையது' என்று ஒரு சீட்டும் ஒட்டிவிட்டார். வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பங்குச் சாமியார் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். "அந்த வெக்கத்துலயே பாதி கொறச்சுட்டேங்க" என்று அக்கா வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார்.

கடைக்கு வருகிறவர்களையும் விட மாட்டார். "இந்தப் போட்டோல நான் நல்லா இருக்கறனுங்களா?" என்று யாராவது ஆசையாகக் கேட்டால், "இல்லீங்க, தாடை தொங்குது. எடுத்துடறேன், ஆனா எடுத்துட்டேன்னு சொல்லிடுவேன்" என்பார். நான் உள்ளே தலையில் அடித்துக்கொள்வேன். வேடிக்கை என்னவென்றால், அவரேதான் வேண்டும் என்று வரிசையில் நிற்பார்கள்.

டிசைன் வேலையோடு அக்கம்பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியமும் பார்ப்போம். பாலக்கோடு ரோட்டிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் கம்ப்யூட்டரைத் தூசி தட்டக் கொடுத்திருந்தார். திரும்ப வாங்க வந்தவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"சி இருக்குது, டி இருக்குது. ஏ, பி ரெண்டும் எங்க? கழட்டிட்டீங்களா?"

நான் பொறுமையாக விளக்கினேன். அந்தக் காலத்தில் ஃப்ளாப்பி என்று ஒன்று இருந்தது, முதல் இரண்டு எழுத்து அதற்கு ஒதுக்கியது, ஃப்ளாப்பி ஒழிந்துவிட்டது, எழுத்து அப்படியே நின்றுபோனது என்று.

"ஃப்ளாப்பி போச்சு, சரி. எழுத்தை யாரு எடுத்துட்டுப் போனாங்க?" என்றார் வாத்தியார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அக்கா குறுக்கே வந்தார். "அவரு கேக்கறது நியாயம்தானுங்களே தம்பி. மொத ரெண்டு வூட்டைக் காணோம், மூணாவது வூட்டுல இருந்து தெரு ஆரம்பிக்குதுன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது? இந்தப் பொட்டிய செஞ்சவங்களுக்கே அது தோணியிருக்கணும்." சொன்னதோடு நிற்காமல், வாத்தியாரின் இரண்டாவது டிரைவுக்கு 'ஏ' என்று எழுத்தை மாற்றி, 'பாட்டு' என்று பெயரும் வைத்துக் கொடுத்தார். வாத்தியார் திருப்தியாகப் போனார். 'பி' என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம். உரக்கடைக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரில் அக்கா கைவைத்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அது எழுந்திருப்பதற்கு வேண்டிய கோப்புகள் ஒரு சின்னப் பகுதியில் இருக்கும். செய்கிறவர்களே அதை மறைத்துத்தான் அனுப்புவார்கள். அக்கா அதையும் விடவில்லை, எழுத்துக் கொடுத்துத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார். உரக்கடைக்காரர் 'இது எதுக்கு வெட்டியா' என்று உள்ளே இருந்ததை அழித்தார். மறுநாள் கம்ப்யூட்டர் எழவேயில்லை. அக்கா தன் சாப்பாட்டு நேரத்தில் போய் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா? மறைக்கறதுக்கு ஒரு காரணம் இருக்குதுக்கா" என்றேன். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவேனா?

"காட்டினது தப்பில்லீங்க. பேரு வெக்காம காட்டினதுதான் தப்பு" என்றார்.

இந்த முறை அந்தப் பகுதிக்கு 'தொடாதீங்க' என்று பெயர் வைத்தார். உரக்கடைக்காரருடைய மச்சான் ஊரிலிருந்து வந்தான். தொடாதீங்க என்று எழுதியிருந்ததால் தொட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துவிட்டது. நான் கடையில் உருண்டு உருண்டு சிரித்தேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் போய் 'கம்ப்யூட்டரோட உசுரு' என்று பெயர் மாற்றிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அங்கே யாரும் அதன் பக்கம் போகவில்லை. மச்சான் மட்டும் ஒருநாள் அதற்குக் குங்குமம் வைக்கலாமா என்று கேட்டானாம், கிண்டலாகத்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. செத்துப்போனவர்கள் முகம் நிறைந்த அந்த டிரைவைத் திறக்கும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அக்காவுக்கு அதெல்லாம் கிடையாது. டீ குடித்துக்கொண்டே திறப்பார். ஒரு நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளுக்கு லீவு போட்டுவிட்டு மறுநாள் வந்தபோது கேட்டேவிட்டேன்.

"பயமா இல்லையாக்கா உங்களுக்கு?"

"எதுக்குங்க பயம்? நேத்து பூரா எங்க மாமனார், மாமியார், எங்கம்மா எல்லாரு கல்லறையும் கழுவி, பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தோம். பேரு எழுதியிருக்குது, யாருன்னு தெரியுது, போய் ஒக்காந்துட்டு வரோம். பேரு இல்லாத மேட்டைப் பாத்தாத்தான் கால் நடுங்குது."

அந்த டிரைவிலும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் ஊர் பெயரோடு ஒரு ஃபோல்டர். பேனருக்காக நாங்கள் வெட்டி ஒட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி, மாலை போட்டுச் செய்த படம் ஒன்று. அவர்கள் கொண்டுவந்து கொடுத்த அசல் படம் ஒன்று. அசலை அக்கா ஒருநாளும் அழித்ததில்லை. இடம் அடைக்கிறது என்று நான் கத்துவேன். "இருக்கட்டும் தம்பி, பட்டை இன்னும் செவக்கலையே" என்பார். டிரைவ் நிரம்பினால் அதன் கீழே இருக்கிற நீலப் பட்டை சிவப்பாகிவிடும். வைகாசி முடிவதற்குள் 'கல்யாணம்' டிரைவ் வருஷா வருஷம் சிவந்துவிடும். அதைப் பார்த்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம், தன் மகள்களையே கட்டிக்கொடுத்த மாதிரி.

இனி ஓர் ஆவணி மாதம் நடந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் கடைக்குப் பழக்கமான தக்காளி விவசாயி ஒருவர். அவர் மகளுக்கு முதலில் பேசிய இடம், நிச்சயத்துக்கு முந்தின நாள் ஏதோ சகுனம் சரியில்லை என்று நின்றுபோனது. பெண் அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதையே விட்டுவிட்டாள். இப்போது இண்டூரில் இன்னொரு இடம் அமைந்திருந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பேனர் வேலைக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து வருவதாக இருந்தது. முந்தின நாள் அவர் எனக்குப் போன் பண்ணினார்.

"மாப்ள பையனோட அம்மாவும் வராங்க தம்பி. நல்லவங்கதான். ஆனா சகுனம் பாக்கறவங்க. வூட்டுக்காரரு தவறின பின்னால எல்லாத்துக்கும் பயப்படறாங்க. இதுவும் நின்னு போச்சுன்னா எம்மவளை நான் உசுரோட பாக்க முடியாது. கொஞ்சம் பாத்துக்கங்க."

நான் அக்காவிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். நாளைக்கு ஒருநாள் மட்டும் அந்த டிரைவை மறைத்துவிடலாம் என்றேன். "பேருலதான் ஒண்ணும் இல்லீங்களே, யாரு கேக்கப்போறாங்க?" என்றார்.

வந்தார்கள். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளைப் பையன், அவன் அம்மா. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார், பையன் பின்னால் நின்றான். பெண்ணின் அப்பா உட்காரவே இல்லை, வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். மேலே பெரியவர்கள் படம் வைக்கும் இடம் வந்ததும் அந்த அம்மா, "அவரு படம் வேண்டாம்மா. நல்ல காரியம். சாமி படம் மட்டும் இருக்கட்டும்" என்றார். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, பையனுடைய படத்தை எடுத்துப் பின்னணியிலிருந்து வெட்ட ஆரம்பித்தார். நெற்றி, புருவம், மூக்கு என்று ஓரமாகவே சுட்டியை நகர்த்திக்கொண்டு போவதுதான் அந்த வேலை. மூக்குக்கு வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் முடித்துவிட்டு, படத்தைச் சேமிக்க டிரைவ்களைத் திறந்தார்.

"அது என்னம்மா 'பெரியவங்க'ன்னு போட்டிருக்குது?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். பழைய ஃபைல், கவுன்சிலர் படங்கள், தலைவர்கள் என்று ஏதாவது ஒரு பொய். ஆயிரம் இருக்கிறது சொல்ல.

"தவறிப்போனவங்க போட்டோங்க" என்றார் அக்கா.

அந்த அம்மா விருட்டென்று எழுந்தார். ஸ்டூல் சாய்ந்தது. "கல்யாணப் பேனருக்கு வந்த எடத்துல இதைக் கொண்டு வந்து கண்ணு முன்னால வெக்கறீங்களே, என்ன கடைங்க இது? வாடா போலாம். எனக்கு அப்பவே மனசு சரியில்ல." பெண்ணின் அப்பா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அக்காவை அந்த இடத்திலேயே வேலையை விட்டு அனுப்பிவிடலாம் போல இருந்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. "அம்மா, உங்க வூட்டுக்காரரு இங்க மண்டிக்குத் தக்காளி கொண்டாருவாருங்களா?"

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்லீங்க. இந்தத் தம்பி மூக்கை நான் ஏற்கெனவே ஒரு தடவை வெட்டியிருக்கேன். கை சொல்லுது."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கா டிரைவைத் திறந்து, இண்டூர் என்று தேடி, ஒரு ஃபோல்டரைக் கண்டுபிடித்தார். மண்டிச் சிநேகிதர்கள் சேர்ந்து பையனுடைய அப்பாவுக்கு இங்கே பேனர் அடித்திருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா பார்த்ததெல்லாம் வெள்ளைச் சட்டையும் மாலையுமாக ரோட்டில் கட்டியிருந்த பேனரைத்தான். அசல் படம் யாரோ சிநேகிதர் போனில் எடுத்தது. அக்கா அதைத் திறந்தார்.

மனுஷர் அடுக்கி வைத்த தக்காளிக் கிரேட் பெட்டிகளின் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டம் போட்ட சட்டை, மேல் பட்டன் இல்லை. கையில் டீ கிளாஸ். எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார், கண் இரண்டும் மூடிக்கிடக்கிறது.

அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்தார். "பட்டன் போயிருச்சு, கழட்டிக் குடுங்க தெச்சுத் தரேன்னு அன்னைக்குக் காலையிலகூடச் சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பையன் சாய்ந்த ஸ்டூலை நிமிர்த்திப் போட்டான். அவர் உட்கார்ந்து அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன்.

வெகுநேரம் கழித்து அக்கா மெதுவாகக் கேட்டார். "பேனர்ல வெக்கட்டுங்களா?"

"வைம்மா."

"வெள்ளச் சட்டை போடணுங்களா?"

"வேணாம். இப்படியே இருக்கட்டும். சிரிச்சுட்டு இருக்கட்டும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரையில் இருந்த இரண்டு டிரைவையும் மாறி மாறிப் பார்த்தார். "வேலை முடிஞ்சதும் அவரைத் திரும்ப அந்த எடத்துல கொண்டுபோய் வெச்சுடாதம்மா. கல்யாணத்துலயே இருக்கட்டும்."

அக்கா அந்தப் படத்தைப் பிடித்து, 'பெரியவங்க' டிரைவிலிருந்து 'கல்யாணம்' டிரைவுக்கு இழுத்துப் போட்டார். ஒரு பச்சைக் கோடு ஓடி முடிந்தது.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாருங்க."

"அங்க இல்லையே இப்ப?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நான் மேசைக்குப் பின்னால் நின்று மறுபடியும் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அந்த மகராசி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்கயும் இருக்காருங்க. ஒரு டிரைவுல இருந்து இன்னொரு டிரைவுக்கு இழுத்துப் போட்டா இந்தக் கம்ப்யூட்டர் எடுத்துட்டு வராது. அங்க இருக்கறதை அங்கயே வெச்சுட்டு, இங்க ஒண்ணு வெக்கும். இப்ப ரெண்டு எடத்துலயும் இருக்காரு. வேணும்னா அங்க இருக்கறதை அழிச்சுடறேன். சொல்லுங்க."

பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அழிக்காத தாயி. அங்கயும்தான் இருக்காரு, இங்கயும்தான் இருக்காரு. நெசம் அதானே."

பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"ஏன் சம்பந்தி அங்கயே நிக்கறீங்க? வந்து ஒக்காருங்க. உங்கப்பா போட்டோ இருந்தா எடுங்க, இந்தப் பக்கம் வெக்கச் சொல்லலாம்."